வெயிலுக்குத் திறக்கும் கதவு

'அதிக வெப்பம். கருவியைக் குளிர்ந்த இடத்துக்குக் கொண்டு செல்லவும்' என்றது சர்க்கரை பார்க்கும் கருவி.

"கருவியக் கொண்டு போயிருவேன். ஆளை யாரு கொண்டு போவா?" என்று செல்வக்கனி அதைப் பார்த்துக் கத்தினாள். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சின்னத் திரை அசையவில்லை. ஊதிப் பார்த்தாள். முந்தானையால் விசிறிப் பார்த்தாள். மறுபடியும் அதே வாசகம்தான் வந்தது.

பட்டாசு ஆலையின் வாசல் கொட்டகை பெஞ்சில் அவளுடைய மதினி மாரித்தாய் சாய்ந்து கிடந்தாள். குளத்தில் முங்கி எழுந்தவள் மாதிரி ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. "பஸ் போயிருச்சா? பஸ் போயிருச்சா?" என்று குழறிக்கொண்டே இருந்தாள். அவள் சொன்ன பஸ் நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிறது.

"வெயில் அடிச்சிருச்சு சிஸ்டர்" என்றார் போர்மேன் குருசாமி அண்ணாச்சி. "உப்புப் போட்ட மோர் ரெண்டு சொம்பு குடுத்துட்டேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான்."

செல்வக்கனி சொல்லிக் கொடுத்ததுதான். பாறைக்குளம் சுகாதார நிலையத்தின் நர்ஸ் அவள். வெயில் காலத்தில் உடம்பில் தண்ணீர் வற்றும், சர்க்கரை ஏறும், அதனால் இனிப்பைத் தொடாதீர்கள், மோர் குடியுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவள். கத்திரி வெயில் பங்குனியில் தொடங்கி ஆவணி வரை நிற்கும் காலமாகிவிட்டது. தீபாவளிக்கு வேண்டிய சரக்கெல்லாம் அந்த மாதங்களில்தான் தயாராக வேண்டும்.

ஆளில்லா ஆம்புலன்ஸ் குளத்துக்கரையைச் சுற்றிக்கொண்டு வந்து மாரித்தாயை ஏற்றிக்கொண்டது. சுகாதார நிலையத்தின் குளிர்ந்த அறைக்குப் போன பிறகும் கருவி முரண்டு பிடித்தது. அது சூடு தணிந்து உயிர் பெற்றபோது சாயங்காலமாகிவிட்டது. விரலில் குத்திப் பார்த்தாள். இருநூற்று அறுபத்தெட்டு.

அடுத்த நொடியே திரையில் பச்சை எழுத்து ஓடியது: 'சர்க்கரை அதிகம். அடுத்த ஊசியில் அளவு கூட்டப்படும்.'

இந்தக் கோடையில் மாரித்தாய்க்கு இப்படிக் கூட்டுவது மூன்றாவது முறை.

ஊற்று என்பது அந்த மருந்தின் பெயர். மாதம் ஒரு ஊசி. வயிற்றில், தோலுக்கு அடியில் போடுவார்கள். உள்ளே போனதும் ஜவ்வரிசி போல மணி மணியாகத் திரண்டு உட்கார்ந்துகொள்ளும். சர்க்கரை ஏறினால் அந்த மணிகளிலிருந்து இன்சுலின் தானாக ஊறும், இறங்கினால் தானாக நின்றுவிடும். பட்டாசு ஆலைக்காரர்களுக்கு அது சாமி கொடுத்த வரம் மாதிரி வந்தது. அதற்கு முன் வயிற்றில் ஒட்டிக்கொண்டு இன்சுலின் செலுத்தும் பம்பு இருந்தது. அதற்குள் பேட்டரி. ஆலை வாசலில் ஒரு செப்புத் தகடு நட்டிருக்கும்; உடம்பில் உள்ள மின்சாரம் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தகட்டைத் தாண்டிப் பேட்டரி, போன், கடிகாரம் எதுவும் போகக் கூடாது. பெண்கள் பம்பைக் கழற்றி, போன் வைக்கும் அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்கள். பம்பு அலமாரியில் சும்மா கிடக்க, சர்க்கரை உடம்பில் ஏறிக்கொண்டிருக்கும். ஊற்றில் பேட்டரியும் இல்லை, ஒயரும் இல்லை. வீடு வீடாகப் போய் அதை எடுத்துச் சொல்லிப் போட வைத்தவளே செல்வக்கனிதான்.

"இப்ப எப்படி இருக்கு மதினி?"

"நல்லாத்தான் இருக்கேன். உன் அண்ணன் வந்தா ஒண்ணும் சொல்லாத, ஆடித் தீர்த்துருவாரு." மாரித்தாய் எழுந்து உட்கார்ந்து கொண்டையை முடிந்தாள். "உன் மோரால ஒண்ணும் ஆகல கனி. குடிச்சும் கண்ணு இருட்டிக்கிட்டேதான் இருந்துச்சு. நீ அந்தக் கருவியோட சண்டை போட்டுக்கிட்டு நின்னேல்ல? அந்நேரம் வாட்ச்மேன் டீயைப் பிடுங்கிக் குடிச்சேன். அப்புறந்தான் யாரு எவருன்னே தெரிஞ்சுது."

"டீயா? சர்க்கரை போட்டதா?"

"பாயசம் மாதிரி குடிப்பாரு அவரு. திட்டாத. ஒரு வாய்தான்."

செல்வக்கனி திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெயில் அடித்தவளுக்கு இனிப்பு டீ குடித்ததும் தெளியாது. அப்படித் தெளிந்தால் அவளுக்கு அடித்தது வெயில் இல்லை.

"மதினி, உள்ள ரூம்ல இருக்கும்போது எப்படி இருந்துச்சு? மறைக்காம சொல்லு."

"கை நடுங்குச்சு" என்றாள். "பூச்சட்டிக்கு மருந்து அடைச்சுக்கிட்டிருந்தேன். இறுக்குற கட்டை கையில இருக்கு, நிக்க மாட்டேங்குது. கீழ வச்சிரணும்னு தெரியுது, எப்படி வைக்கணும்னு தெரியல. பாண்டீஸ்வரிதான் பார்த்துட்டு, கட்டையை மெதுவா வாங்கி வச்சிட்டு, என்னை வெளிய கூட்டிட்டு வந்தா."

அந்த அறையில் நாலு பேர் வேலை பார்ப்பார்கள். நாலு வாசல். ஒரு கட்டை தவறான இடத்தில் உரசினால் நாலு வாசலும் போதாது. பதினைந்து வருஷமாக அந்த அறையில் கை நடுங்காமல் வேலை பார்த்தவள் மாரித்தாய்.

"இது வெயில் இல்ல மதினி. உனக்குச் சர்க்கரை இறங்கியிருக்கு."

"இருநூத்தி அறுபத்தெட்டுன்னு நீதான சொன்ன?"

"சொல்றேன் கேளு."

"ஆரம்பிச்சிட்டாய்யா வாத்தியாரம்மா" என்று மாரித்தாய் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டாள்.

"உன் வயித்துல ஜவ்வரிசி மாதிரி கிடக்குல்ல? ஒவ்வொரு மணிக்கும் குட்டிக் குட்டியா கதவு இருக்குன்னு வச்சுக்க. சர்க்கரை வந்து தட்டுனா திறக்கும். தட்ட ஆள் இல்லாட்டி மூடிக்கும். இதுதான் ஏற்பாடு."

"நல்ல ஏற்பாடுதான?"

"கதவு எதுல செஞ்சிருக்கு? ஒரு மாதிரிப் பசையில. தார் ரோடு மத்தியானத்துல எப்படி இருக்கும்? காலை வச்சா செருப்பு ஒட்டும்ல? அந்த மாதிரி இதுவும் சூட்டுல இளகும். உங்க ரூமுக்கு மேல சிமெண்டுக் கூரை, உள்ள ஃபேன் கிடையாது, கரண்டே கிடையாது. உடம்பு உள்ளுக்குள்ள எப்பவும் ஒரே சூடுதான். ஆனா தோல் அந்த ரூம் சூட்டை வாங்கிக்கும். தோலுக்கு அடியிலதான கதவு இருக்கு? யாரும் தட்டாமலே திறந்துக்குது."

"சரி."

"இன்னொண்ணு. சூடு பட்டா தோலுக்கு அடியில ரத்தக்குழாய் எல்லாம் அகலமாயிரும், சூட்டை வெளியேத்துறதுக்கு. மெதுவா ஓடுற ஓடையில மழைத்தண்ணி வந்த மாதிரி ரத்தம் அங்க வேகமா ஓடும். கதவுக்கு வெளிய வந்த இன்சுலினை அப்படியே அள்ளிக்கிட்டுப் போயிரும். சர்க்கரை சடசடன்னு இறங்கும். கை நடுங்கும், புத்தி குழம்பும், வேர்க்கும்."

"எல்லாருக்குந்தான் வேர்க்குது."

"அதான் மதினி சிக்கலே! குளிர்ந்த ஊர்ல ஒருத்திக்குத் திடீர்னு வேர்த்தா, என்னமோ ஆச்சுன்னு சுத்தி இருக்கிறவங்க பார்ப்பாங்க. இங்க அம்புட்டுப் பேரும் வேர்த்து ஊத்திக்கிட்டு இருக்கீங்க. யாருக்குச் சர்க்கரை இறங்குதுன்னு யார் கண்டா?"

"அப்ப சாயங்காலம் அம்புட்டு எப்படி ஏறுச்சு?"

"சர்க்கரை ரொம்ப இறங்குனா ஈரல் பயந்து போய், சேர்த்து வச்சிருக்கிறதை எல்லாம் ரத்தத்துல கொட்டும். அது ஒண்ணு. டீ ஒண்ணு. மூணாவது, உடம்புல தண்ணி வத்திருச்சு. குழம்பு சுண்டுனா உப்புக் கரிக்கும்ல? உப்பா கூடுச்சு? தண்ணிதான குறைஞ்சுது? ரத்தமும் அப்படித்தான். அந்த நேரம் பார்த்து நான் உன் விரல்ல குத்துறேன். சென்னையில இருக்கிற கம்ப்யூட்டர் அந்த நம்பரை மட்டும் பார்க்குது. அதிகமா இருக்கே, மருந்தைக் கூட்டுங்கிறது. கூட்டக் கூட்ட நீ மத்தியானத்துல இன்னும் கீழ போற. கீழ போகப் போக சாயங்காலம் இன்னும் மேல வர்ற."

மாரித்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இம்புட்டையும் அந்தக் கம்ப்யூட்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதான?" என்றாள்.

சொல்லாமல் இருப்பாளா? மறுநாள் காலையே ஊற்று கம்பெனியை அழைத்தாள். தேனாகப் பேசும் இயந்திரக் குரல் ஒன்று அவள் பெயரை மூன்று முறை தவறாகச் சொன்னது, கேள்வியைத் திருப்பிக் கேட்டது, கடைசியில், 'வெயில் காலத்தில் நிறைய தண்ணீர் குடியுங்கள்' என்று அறிவுரை சொல்லி வைத்துவிட்டது. மறுபடி அழைத்தாள். மறுபடி தண்ணீர் குடிக்கச் சொன்னது. கெஞ்சினாள், மிரட்டினாள், 'வெடி விபத்து' என்ற சொல்லைப் போட்டுப் பார்த்தாள். அந்தச் சொல்தான் வேலை செய்தது. திவாகர் என்று ஒரு மனிதர் திரையில் வந்தார். இளைஞர்தான், ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

அவரிடம் முழுக்கச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

"மேடம், நீங்க சொல்றது நடக்கக்கூடியதுதான்" என்றார். "தோல் சூடு ஒரு அளவைத் தாண்டினா மணி இளகும்னு எங்களுக்கே தெரியும். ஆனா அந்த அளவுக்கு யாருடைய தோலும் சூடாகலைன்னு சோதனையில வந்தது."

"சோதனையை எங்க வச்சுச் செஞ்சீங்க?"

"ஆஸ்பத்திரியில."

"ஏசி ரூம்லயா?"

திவாகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், அளவைக் குறைங்க. வெயில் காலத்துக்கு மட்டுமாவது குறைங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

"அளவை நானோ நீங்களோ மாத்த முடியாது மேடம். சிஸ்டம்தான் மாத்தும். அதுக்குச் சர்க்கரை இறங்கினதுக்கான அளவீடு வேணும். உங்க ஏரியாவுல இருந்து ஒரு தாழ்ந்த அளவீடுகூட வரலை. எல்லாமே இருநூறுக்கு மேல."

"எப்படி வரும்? சர்க்கரை இறங்குற இடத்துல உங்க கருவி வேலை செய்ய மாட்டேங்குது. வேலை செய்யுற இடத்துக்கு வந்தா சர்க்கரை ஏறிருது. செப்புத் தகட்டுக்கு உள்ள அதைக் கொண்டு போகவே முடியாது. நான் என்னதான் செய்ய?"

"நான் நம்புறேன் மேடம்" என்றார் திவாகர். "சிஸ்டம்தான் நம்பணும்."

போனை வைத்தபின் செல்வக்கனிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு மனிதர் மாட்டேன் என்றால் அவரோடு சண்டை போடலாம். இவர் சரி என்கிறார், நம்புகிறேன் என்கிறார், ஆனால் ஒன்றும் நடக்காது. யாருடைய சட்டையைப் பிடிப்பது?

ஆனால் அவள் சும்மா உட்காருகிறவள் இல்லை. ஒரு பொருள் ஏன் ஓடவில்லை என்று பிரித்துப் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. கருவிக்கு வேண்டியது குளிர்ச்சி. வாசல் கொட்டகையில் கரண்டு கிடையாது. கரண்டில்லாத குளிர்ச்சி ஊரில் எல்லாரிடமும் இருக்கிறது. பெரிய பானை ஒன்றில் மணலைப் போட்டு, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, மணலில் தண்ணீர் ஊற்றினாள். காற்று வறண்டிருக்கிற ஊரில் ஈரம் வேகமாக ஆவியாகும். ஆவியாகப் போகிற தண்ணீர் சூட்டையும் கூட்டிக்கொண்டு போகும். வெளியே நாற்பத்து நாலு டிகிரி எரிந்தாலும் உள்ளே கையை விட்டால் சிலுசிலுவென்று இருந்தது. கருவியை ஒரு டப்பாவில் போட்டு அதற்குள் வைத்து, பானையை வாசல் கொட்டகையில் இறக்கினாள்.

"என்ன சிஸ்டர், பானையில சாமான் வேகுதா?" என்று வாட்ச்மேன் கேட்டார்.

"வேகாம இருக்கத்தான் அண்ணே."

மத்தியான இடைவேளைக்கு மாரித்தாய் செப்புத் தகட்டைத் தாண்டி வந்த உடனே விரலைப் பிடித்துக் குத்தினாள். கருவி மறுக்கவில்லை. நாற்பத்தாறு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

"பார்த்தியா! பார்த்தியா!" என்று செல்வக்கனி குதித்தாள்.

"என் உசுரு போகுது, உனக்குச் சந்தோஷமா இருக்கா?" என்று மாரித்தாய் குழறினாள். அவள் வாயில் சர்க்கரையைப் போட்டுத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் செல்வக்கனிக்குத் தன் மேலேயே வெட்கம் வந்தது.

வெட்கம் தீருவதற்குள் திரையில் எழுத்து ஓடியது. 'இந்த அளவீடு ஏற்கப்படவில்லை. இடத்தின் வெப்பம் 44. கருவியின் வெப்பம் 29. பொருந்தவில்லை.'

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சூடாக இருந்தால் அளக்க மாட்டேன் என்கிறது. குளிர வைத்து அளந்தால் பொய் என்கிறது.

"ஒரு அளவீடுன்னா தள்ளிடும் மேடம்" என்றார் திவாகர் அன்று மாலை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெவ்வேறு ஆளுங்க, ஒரே நேரம், ஒரே மாதிரி நிறைய வந்தா தள்ள முடியாது. அது எழுதியிருக்கிற விதம் அப்படி. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அதன் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் வாசல் கொட்டகையில் பெண்கள் விரலை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவர்களை வரவழைத்தது மாரித்தாய். "ஒரு குத்துதான, உசுரா போகுது? பூச்சி கடிச்சா பொறுக்கல?" என்று அறை அறையாகப் போய் இழுத்து வந்தாள். ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்பது, அறுபது என்று வந்தது. ஒருத்திக்கு முப்பத்தெட்டு. அவள் சிரித்துக்கொண்டே நின்றிருந்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

குருசாமி அண்ணாச்சி தூரத்தில் நின்று பார்ப்பார். கிட்டே வர மாட்டார். "இடைவேளை முடிஞ்சிருச்சு சிஸ்டர்" என்பதோடு சரி. வெடிமருந்துக் கலவை போடுகிறவர் அவர்தான். மற்ற நேரமெல்லாம் அறைகளைச் சுற்றி வருவார். தப்பு நடந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் என்பதால் அதிகம் பேசிப் பழகாதவர்.

ஒரு நாள் சிஸ்டம் நம்பியது.

திவாகரே அழைத்தார். செல்வக்கனி சிரித்த முகத்தோடு திரையை எடுத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"ஏத்துக்கிச்சு மேடம். ஆபத்து உண்மைன்னு முடிவாயிடுச்சு."

"அப்ப அளவைக் குறைச்சிருச்சா?"

"இல்ல. அளவைக் குறைச்சா மத்த நேரத்துல சர்க்கரை ஏறும், அது வேற ஆபத்துன்னு கணக்குப் போட்டிருக்கு. எது சுலபமோ அதைச் செஞ்சிருக்கு. ஊற்று போட்டவங்க வெயில் முடியற வரைக்கும் வெடிமருந்து அறைகளுக்குள்ள போகக் கூடாதுன்னு ஆலைகளுக்கும் இன்சூரன்ஸுக்கும் எச்சரிக்கை போயிருக்கு. மீறி விட்டா இன்சூரன்ஸ் செல்லாது."

"அவங்களை வேலையை விட்டு அனுப்பச் சொல்லுதா?"

"அப்படிச் சொல்லலை. உள்ளே விடக் கூடாதுன்னுதான் சொல்லுது."

"ரெண்டும் ஒண்ணுதான சார்! நான் என்ன கேட்டேன், நீங்க என்ன குடுக்குறீங்க? விடியக்காலையில ஆரம்பிச்சு வெயிலுக்கு முன்ன வேலையை முடிக்கச் சொல்லலாம். கூரை மேல கீத்து போட்டு நனைக்கச் சொல்லலாம். அதெல்லாம் நான் எழுதி அனுப்பினேனே?"

"அறை சூடாகாம இருந்தா இந்த எச்சரிக்கை பொருந்தாது. ஆனா அதெல்லாம் ஆலையோட விஷயம், மேடம். எங்க சிஸ்டத்துக்குத் தெரியறது மருந்தும் ஆளும்தான்."

யாருக்கு ஊற்று போட்டிருக்கிறது என்ற பெயர்களை ஆலைக்குச் சொல்லச் சட்டம் இடம் தராது. ஆனால் வாசலில் ஆளைச் சோதிக்கத் தடை இல்லை. அதனால் மறுநாளே செல்வக்கனிக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. ஆலை வாசலில் ஒவ்வொருவர் வயிற்றையும் தொட்டுப் பார்த்து, ஊற்று உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று நர்ஸ் பிரித்து நிறுத்த வேண்டும். உள்ளவர்கள் இடது பக்கம், இல்லாதவர்கள் வலது பக்கம். வலது பக்கத்தார் மட்டும் உள்ளே.

காலையிலேயே கொட்டகை கொதித்தது. ஒரு மூலையில் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். வெளியே பெண்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. போன வாரம் விரலை நீட்டியவர்கள் இன்று முந்தானையை வயிற்றைச் சுற்றி இறுக்கிச் செருகியிருந்தார்கள்.

முதலில் திரைக்குள் வந்தது மாரித்தாய். வேண்டுமென்றே முதலில் வந்திருந்தாள்.

"இல்லன்னு சொல்லிரு கனி" என்றாள் மெல்ல. "பைக்குள்ள மிட்டாய் வச்சுக்கிறேன். கை நடுங்குனா வெளிய வந்துருவேன். சத்தியமா."

"நடுங்குறப்ப வெளிய வரத் தெரியலைன்னு நீதான மதினி சொன்ன?"

"உன்னால வந்ததுதான இது? நாந்தான ஊரையே இழுத்துட்டு வந்து விரலை நீட்ட வச்சேன்? நான் இடது பக்கம் போய் நின்னா அவளுக எல்லாம் என் மூஞ்சியில காறித் துப்ப மாட்டாளுக?"

செல்வக்கனி அவள் வயிற்றில் கையை வைத்தாள். தொப்புளுக்குப் பக்கத்தில் மணிகள் விரலுக்கு அடியில் நகர்ந்தன. சொல்லாவிட்டால் அந்த அறையில் நாலு பேர். சொன்னால் அண்ணன் வீட்டு அடுப்பு அணையும். ஒவ்வொன்றாக அடுக்கி யோசிக்கிறவள்தான். இன்று யோசித்த எதுவும் ஓரிடத்தில் போய் நிற்கவில்லை. இவளைச் சாகவிடாமல் இருப்பதற்குத்தானே இத்தனையும் தொடங்கியது என்பது ஒன்றுதான் நின்றது.

"இருக்கு" என்றாள் வெளியே கேட்கும்படி.

மாரித்தாய் அவளைப் பார்த்த பார்வையில் மதினி உறவு இல்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே போய் இடது பக்கம் தனியாக நின்றாள்.

அடுத்து பாண்டீஸ்வரி. மெலிந்த, இருபத்தொரு வயதுப் பெண். கையை வைத்ததுமே தெரிந்தது, வெறும் வயிறு, கூச்சத்தில் உள்ளிழுத்துக்கொண்டது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் செல்வக்கனி. திரையின் இடுக்கில், இடது பக்கம் ஒற்றையாக நிற்கும் மாரித்தாய் தெரிந்தாள்.

அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. இருக்கிறவளை இல்லை என்று சொன்னால் ஆள் செத்துப்போகலாம். இல்லாதவளை இருக்கு என்று சொன்னால் யார் சாவார்கள்?

"இருக்கு" என்றாள்.

பாண்டீஸ்வரி திடுக்கிட்டாள். "சிஸ்டர், எனக்கா? எனக்குச் சர்க்கரையே..."

"இருக்கு தாயி. போய் மாரித்தாய் அக்கா பக்கத்துல நில்லு."

அடுத்தவளுக்கும் இருந்தது. அதற்கு அடுத்தவளுக்கும் இருந்தது. திரைக்குள் வந்தவர்கள் முதலில் அழுதார்கள், பிறகு குழம்பினார்கள். வரிசை பாதி கரைந்தபோது வெளியே முணுமுணுப்பு மாறியது. ஒருத்தி உள்ளே வரும்போதே, "எனக்கு ரெண்டு இருக்கு சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். யாரோ சிரித்தார்கள். இடது பக்கத்தில் நிற்க இடம் போதவில்லை. வெயிலுக்கு ஒதுங்கி மதில் நிழல் வரை நீண்டது. வலது பக்கம் காலியாகக் கிடந்தது.

குருசாமி அண்ணாச்சி திரைக்கு வெளியே வந்து நின்றார். "சிஸ்டர், பாண்டீஸ்வரிக்கு இன்னும் கல்யாணங்கூட ஆகல."

"சர்க்கரை கல்யாணத்தை விசாரிச்சிட்டா வருது அண்ணாச்சி?"

"அம்புட்டுப் பேருக்கும் இருக்குன்னா இன்னைக்கு ஒரு ரூமும் திறக்க முடியாதே."

"முடியாது."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இருக்கும். வெயில் முடியற வரைக்கும் இருக்கும்." செல்வக்கனி திரையை விலக்கி அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "முதலாளிகிட்ட சொல்லுங்க. விடியக்காலையில ரூமைத் திறந்து வெயில் ஏறுறதுக்குள்ள மூடட்டும். கூரையைக் குளிர வைக்கட்டும். அப்ப எச்சரிக்கை இவங்களைக் கட்டுப்படுத்தாது. இல்லேன்னா தீபாவளிச் சரக்கை அவரே வந்து அடைச்சுக்கட்டும்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். மேலே புகார் போகும், தன் வேலையும் இடது பக்கம் போய் நிற்கும் என்று மனசுக்குள் தயாராகவே இருந்தாள். அண்ணாச்சி கொட்டகையை விட்டுப் போனார். வெளியே போனில் முதலாளியோடு வெகுநேரம் பேசுவது கேட்டது. "முடியாதுங்க. ஒருத்தர்கூட இல்லங்க" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. திரும்பி வந்தவர் திரைக்குள் நுழைந்து, சேலையை இழுத்து மூடினார்.

"யோசிச்சுச் சொல்றேன்னாரு" என்றார். "முடியாதுன்னு சொல்லல."

பிறகு சட்டையின் கீழ்ப் பொத்தான்களைக் கழற்றினார்.

"என்னையும் பாத்துருங்க சிஸ்டர். இல்லேன்னா நான் எந்தப் பக்கம் நிக்கிறது?"

அந்த மனிதர் இப்படித் தன் பக்கம் வந்து நிற்பார் என்று செல்வக்கனி நினைக்கவே இல்லை. சிரித்துக்கொண்டே, சொல்ல வேண்டிய சொல்லை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு, பேருக்கு அவர் வயிற்றில் விரலை வைத்தாள்.

மணிகள் நகர்ந்தன. மாரித்தாய்க்கு இருந்ததைவிடக் கொத்தாக, தடிப்பாக, அளவு கூட்டிக் கூட்டிப் போட்ட ஊசிகளின் மணிகள்.

அண்ணாச்சி அவளைப் பார்க்கவில்லை. போன்கள் வைத்திருக்கும் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதுரையில போட்டேன்" என்றார். "கலவை ரூம்ல நான் ஒருத்தன்தான சிஸ்டர். கை நடுங்குனாலும் பாக்குறதுக்கு ஆள் கிடையாது."

மாரித்தாய்க்குப் பிறகு அத்தனை பேருக்கும் யோசிக்காமல் சொன்ன 'இருக்கு' என்ற அந்த ஒரு சொல், இப்போது அவள் வாயிலிருந்து வர வெகுநேரம் ஆயிற்று.